சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

கேள்வி: மேடம், பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டர் படிக்கிறேன். போன மாதம் மெடிக்கல் வார்டு போஸ்டிங். காலை ஏழரை மணிக்கு ஒரு பெரியவருக்கு ரெகுலர் இன்சுலின் 20 யூனிட் போட வேண்டியிருந்தது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் பேனாவுக்கு ஊசி முனை தீர்ந்துவிட்டது. அதனால் பேனாவுக்குள் இருந்த கார்ட்ரிட்ஜில் இன்சுலின் சிரிஞ்சைக் குத்தி, 20 என்ற கோடு வரை இழுத்து வைத்தேன். ஸ்டாஃப் அக்கா பார்த்ததும் சிரிஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “ஆளையே கொன்னிருப்பே” என்று எல்லார் முன்னாலும் திட்டினார். 20 யூனிட்டுக்கு 20 கோடு வரை இழுத்ததில் என்ன தப்பு என்று இன்றுவரை புரியவில்லை. கேட்கவும் பயம். அன்றிலிருந்து சிரிஞ்சை எடுத்தாலே கை நடுங்குகிறது. மருந்து கொடுப்பதில் பத்து ‘ரைட்ஸ்’ (சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு என்று போகும் பட்டியல்) என்று ஒப்பிக்கிறேன். வார்டில் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. பார்மகாலஜி இன்டர்னலிலும் குறைந்த மார்க். எல்லா மருந்துப் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறது. நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: என் மாணவிகளை ‘நீ’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். உன்னையும் அப்படியே கூப்பிடுகிறேன். அந்த ஸ்டாஃப் எதற்குக் கத்தினார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாத வரைக்கும் உன் கை நடுக்கம் நிற்காது.

நம் ஊரில் வயல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜில் வருவது 1 மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. உலகில் பல நாடுகள் 100-க்கே மாறிவிட்டதால் அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நமக்கு இரண்டும் ஒரே வார்டில், சில சமயம் ஒரே ஃப்ரிட்ஜில் பக்கத்து பக்கத்தில் இருக்கின்றன.

நீ எடுத்தது எந்த மூடி என்று எழுதவில்லை. அவர் அப்படிப் பதறியிருக்கிறார் என்றால் சிவப்பு மூடியாகத்தான் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லி. 40 யூனிட் வயலிலிருந்து அரை மில்லி எடுத்தால் 20 யூனிட், கணக்கு சரி. நீ எடுத்ததோ 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து. அதில் அரை மில்லி என்றால் 50 யூனிட். அதாவது எழுதியிருந்ததைப் போல இரண்டரை மடங்கு உன் கையில் இருந்தது.

அது உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரெகுலர் இன்சுலின் தோலுக்கடியில் போன அரை மணியில் வேலையைத் தொடங்கும், 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஏழரைக்குப் போட்டால் ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள். வார்டில் அது ரவுண்ட்ஸ் நேரம். ஸ்டாஃப் எல்லாரும் பெரிய டாக்டர் பின்னால் போய்க்கொண்டிருப்பார்கள். உன் பெரியவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறிப் படுத்திருப்பார். “தாத்தா அசந்து தூங்குறார்” என்று நீயும் நகர்ந்திருப்பாய். சர்க்கரை 70-க்குக் கீழே போன ஆளும் தூங்குகிற ஆளும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரிவார்கள். கிட்டே போய் நெற்றியைத் தொட்டால்தான் அந்தச் சில்லிட்ட வேர்வை தெரியும்.

எதிர்த் திசையிலும் இதே தப்பு நடக்கும். அது இன்னும் நைசாக நடக்கும் என்பேன். 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது. சர்க்கரை மட்டும் இறங்காது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டோஸை ஏற்றுவார். மூன்றாம் நாள் இன்னொரு ஸ்டாஃப் வந்து சரியான சிரிஞ்சில் அந்த ஏற்றிய டோஸை முழுசாகப் போடுவார். சர்க்கரை விழும்போது பழி அவர் தலையில் விழும். அவர் செய்தது சரி; தப்பு இரண்டு நாள் முன்னால் நடந்தது.

ஆகவே இன்சுலினில் நீ பார்க்க வேண்டியது மூன்று: ஆர்டரில் உள்ள யூனிட், குப்பியில் போட்டிருக்கும் பலம், சிரிஞ்சின் மூடி நிறம். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, இன்னொருவர் கண்ணிலும் காட்டிவிட்டுப் போடு. இன்னொன்று, பேனா கார்ட்ரிட்ஜ் வயல் இல்லை. அதில் சிரிஞ்ச் குத்தி எடுக்கவே கூடாது. ஊசி முனை இல்லையென்றால் வாங்கி வரச் சொல். இல்லையா, டூட்டி டாக்டரிடம் சொல்லி வார்டு வயலிலிருந்து எடு. நீ செய்த முதல் தப்பு அங்கேதான். கோடு அப்புறம்தான் வருகிறது. கேஸ் ஷீட்டில் யூனிட் என்பதை ஆங்கில ‘யு’ என்று ஓரெழுத்தில் அவசரமாகக் கிறுக்கும் வழக்கமும் உண்டு. வாய் மூடிய ‘யு’ பூஜ்யமாகத் தெரியும். 20 என்பது 200 ஆகிவிடும். சந்தேகம் வந்தால் எழுதியவரிடமே போய்க் கேள். பக்கத்தில் இருக்கிற தோழியிடம் கேட்காதே. அவளுக்கும் உனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

சரி, இப்போது நடுக்கத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மருத்துவமனையில் நைட் டூட்டி. ஆம்பிசிலின் பொடியைக் கரைக்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். ட்ரேயில் கைவிட்டு 10 மில்லி ஆம்ப்யூலை எடுத்தேன், கழுத்தை உடைத்தேன், சிரிஞ்சில் இழுத்தேன். காலி ஆம்ப்யூலைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் லேபிளை இன்னொரு தரம் படிக்க வேண்டும் என்று எங்கள் டியூட்டர் அடித்துச் சொல்லியிருந்தார். எரிச்சலோடுதான் படித்தேன். பொட்டாசியம் குளோரைடு. அதே உயரம், அதே கண்ணாடி, அதே தண்ணீர் நிறம். யாரோ பகலில் ட்ரேயை நிரப்பும்போது இரண்டையும் ஒன்றாகக் கொட்டியிருக்கிறார்கள்.

15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு, மில்லி லிட்டர் இல்லை) இருக்கும். அதை ட்ரிப் பாட்டிலில் கலந்து, பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்து நன்றாகக் கலக்கி, சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் தாண்டாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். தொங்குகிற பாட்டிலில் அப்படியே குத்திவிட்டால் அடியில் போய்த் தங்கி, மொத்தமும் முதலில் இறங்கும். நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். நான் ஒரு பதினேழு வயதுப் பையனுக்குத் தள்ள இருந்தேன்.

சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். அதைவிட மோசமாக ஒன்று செய்தேன்: யாரிடமும் சொல்லவில்லை. அசிங்கம் என்று நினைத்தேன். ட்ரே அப்படியே இருந்தது. பத்து நாள் கழித்து என் கூட வேலை பார்த்தவள் அதே ட்ரேயில் அதே ஆம்ப்யூலை எடுத்துவிட்டு, கடைசி நொடியில் பார்த்து, முகம் வெளுத்துப்போய் என்னிடம் ஓடிவந்தாள். அன்றைக்குத்தான் இரண்டு பேருமாக ஹெட் சிஸ்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் திட்டினார், நன்றாகவே திட்டினார். மறுநாள் காலை பொட்டாசியம் முழுவதும் வார்டு ட்ரேயிலிருந்து பூட்டுப் போட்ட அலமாரிக்குப் போனது. என்னால் பத்து நாள் முன்னாலேயே செய்திருக்க முடிந்த வேலை.

அதனால் உன் விஷயத்தை உன் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடம் எழுதிக் கொடு. நோயாளிக்குப் போகாமல் நின்ற தப்பையும் எழுத வேண்டும். என்ன ஆர்டர், எதிலிருந்து எடுத்தேன், எந்த சிரிஞ்ச், யார் பார்த்தார் என்று நாலு வரி போதும். ‘மன்னிக்கவும்’ என்று பக்கம் பக்கமாக வேண்டாம். பேனா ஊசி முனை வார்டில் தீர்ந்துபோனது, மூன்றாம் செமஸ்டர் மாணவி கூட ஆள் இல்லாமல் இன்சுலின் இழுத்தது, இவையெல்லாம் உன் ஒருத்தியின் தப்பு இல்லை. மாணவி மருந்து எடுக்கும்போது டியூட்டரோ ஸ்டாஃபோ பக்கத்தில் நிற்க வேண்டும். அவர்களுக்கு நேரமில்லை என்றால், “நீங்க வர்ற வரைக்கும் வெயிட் பண்றேன் மேடம்” என்று சொல்லிவிட்டு நில். திட்டு விழலாம். விழட்டும்.

எல்லார் முன்னாலும் கத்தியது சரியா என்று கேட்டால், சரியில்லை. தனியாகக் கூப்பிட்டு விளக்கியிருந்தால் நீ எனக்கு எழுத வேண்டியே வந்திருக்காது. ஆனால் நாற்பது படுக்கைக்கு இரண்டு பேராக ஓடும் வார்டில், உன் கையில் இருந்த சிரிஞ்சை அவர் கண் பார்த்ததே, அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அடுத்து பார்மகாலஜி. பெயர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று புலம்புகிறாய். ஒரே மாதிரி இருப்பதே உனக்கு நல்லதுதான். மருந்தின் பொதுப்பெயரை உலக சுகாதார நிறுவனம் ஒரு முறைப்படி வைக்கிறது. முதல் பட்டியல் 1953-இல் வந்தது. ஒரே குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே வால். அடினலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் என்று ‘ஒலால்’ வந்தால் நாடித்துடிப்பைக் குறைக்கும். கொடுக்குமுன் நாடி பார், ஆஸ்துமா உண்டா என்று கேள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ வந்தால் பிபி பார். வறட்டு இருமல் வருகிறதா என்று கவனி. வந்தால் பெரும்பாலும் லோசார்டான், டெல்மிசார்டான் என்ற ‘சார்டான்’ குடும்பத்துக்கு மாற்றுவார்கள். அம்லோடிபின் சாப்பிடுகிறவரின் கணுக்காலைப் பார், வீங்கியிருக்கலாம். இப்படி ஏழெட்டு வால் பிடித்துவிட்டால் ஒரு மெடிக்கல் வார்டின் மருந்து அட்டையில் பாதிக்கு மேல் தெரிந்த முகம் ஆகிவிடும். முழுக்க நம்பவும் கூடாது. பான்டோப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிப்பிப்ரசோல் மனநோய்க்கு. இரண்டும் ‘ப்ரசோல்’ என்று முடிகிற மாதிரி இருக்கும், குடும்பம் வேறு.

வாலைப் பிடித்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள். உன் வார்டில் உண்மையாகவே ஒருவருக்குப் போகிற மருந்தாக இருக்கட்டும். ஃப்ரூசமைடு, அதாவது நம் எல்லாருக்கும் லேசிக்ஸ் என்று பழகிய மருந்தைப் பார். சிறுநீரகத்தில் ஹென்லே வளைவு என்ற இடத்தில் உப்பு திரும்ப உடம்புக்குள் போகாமல் அது தடுக்கும். உப்பு வெளியே போனால் தண்ணீரும் கூடவே போகும், பொட்டாசியமும் போகும். இந்த ஒரு வரி புரிந்தால் மற்றதை நீயே எழுதிவிடலாம். தண்ணீர் போகிறது, அதனால் தினமும் எடை பார்க்க வேண்டும், குடித்ததும் போனதும் சார்ட்டில் ஏற வேண்டும். பிபி இறங்கும், அதனால் சட்டென்று எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். பொட்டாசியம் குறையும், அதனால் ரத்த ரிப்போர்ட்டைத் தேட வேண்டும். மாத்திரையாகக் கொடுத்தால் ஆறு மணி நேரம் போல வேலை செய்யும், அதனால் இரண்டு வேளை என்று எழுதியிருந்தால் காலை 8, மாலை 4 என்று வைத்துக்கொள்வார்கள். ராத்திரி 8 மணிக்குக் கொடுத்துப் பார், அதைச் சாப்பிடுகிற பாட்டி ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடப்பார், இருட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். புத்தகத்தில் ‘பக்கவிளைவுகள்’ என்று இருக்கிற பட்டியலில் இடுப்பு எலும்பு முறிவு இருக்காது. வார்டில் இருக்கும்.

அதே பாட்டிக்கு டிகாக்ஸினும் போகிறது என்று வைத்துக்கொள். 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பற்றி எழுதினாரே, அந்தச் செடி வகையிலிருந்து வந்த மருந்து. இதயத்தை அழுத்தமாகவும் மெதுவாகவும் துடிக்க வைக்கும். மெதுவாக்கும் என்பதால், கொடுக்குமுன் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை இங்கே செல்லாது. டிகாக்ஸின் வாங்குகிறவர்களில் பலருக்குத் துடிப்பே ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரிடம் சொல். உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸினின் பிடி இறுகும். பொட்டாசியத்தைக் குறைத்தது யார்? காலையில் நீயே கொடுத்த லேசிக்ஸ். பாட்டி “சாப்பாடே பிடிக்கல, எல்லாம் மஞ்சளா தெரியுது” என்றால், கண் டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் மருந்து அட்டையைப் பார். பார்வை மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுவதை விதரிங்கே எழுதி வைத்திருக்கிறார். அப்புறம், நம் ஊர் கேஸ் ஷீட்டில் டிகாக்ஸின் பக்கத்தில் 5/7 என்று போட்டிருப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் கொடு, இரண்டு நாள் விடு என்று அர்த்தம். புது ஆட்களுக்கு இது தெரியாது. ஏழு நாளும் போய்க்கொண்டிருக்கும்.

‘ரைட்ஸ்’ பற்றி. ஐந்து என்று படித்தவள் நான். அது ஏழாகி, பத்தாகி இருக்கிறது. பரீட்சைக்கு எத்தனை கேட்கிறார்களோ அத்தனை எழுது. வார்டில் அதிகம் தவறுவது முதல் ஒன்றில்தான்: சரியான ஆள். நம் ஊர் வார்டில் இரண்டு லட்சுமி இல்லாமல் இருக்காது. “லட்சுமிதானே நீங்க?” என்று கேட்டால், காது கேட்காத பாட்டியும் மரியாதைக்கு “ஆமாம்மா” என்பார். “உங்க பேர் என்ன, வீட்டுக்காரர் பேர் என்ன” என்று அவர் வாயாலேயே சொல்ல வை, ஐ.பி. நம்பரோடு, அதாவது உள்நோயாளிப் பதிவு எண்ணோடு, ஒத்துப் பார். படுக்கை நம்பரை நம்பாதே. ஃபேன் காற்றுக்காக ராத்திரியோடு ராத்திரியாக படுக்கை மாறிக்கொள்வார்கள். “தினமும் வெள்ளை மாத்திரைதானே குடுப்பீங்க, இன்னைக்கு மஞ்சளா இருக்கே?” என்று நோயாளி கேட்டால் அங்கேயே நின்றுவிடு. கம்பெனி மாறியிருக்கலாம், ஆளே மாறியிருக்கலாம். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வா. அப்புறம், இன்னொருவர் இழுத்து வைத்த சிரிஞ்ச் எவ்வளவு அவசரமானாலும் உன் கையால் போகக் கூடாது. கரைத்தவர் யாரோ அவர்தான் போட வேண்டும்.

கணக்குக்குப் பெரிய சூத்திரம் தேவையில்லை. வேண்டியதைக் கையில் இருப்பதால் வகுத்து, அது இருக்கும் மில்லியால் பெருக்கு. ஜென்டாமைசின் 60 மில்லிகிராம் வேண்டும், ஆம்ப்யூலில் 2 மில்லியில் 80 இருக்கிறது: 60-ஐ 80-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் ஒன்றரை மில்லி. விடை வந்ததும் ஒரு நொடி நின்று, ‘இது நடக்கிற காரியமா’ என்று கேட்டுக்கொள். ஒரு ஊசிக்கு நாலைந்து ஆம்ப்யூல் உடைக்க வேண்டும் என்று கணக்கு சொன்னால், பெரும்பாலும் புள்ளி இடம் மாறியிருக்கிறது. அரை மில்லிகிராமை 0.5 என்று எழுது, முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதாதே. ஐந்தை 5 என்று மட்டும் எழுது, 5.0 என்று எழுதாதே. புள்ளி கண்ணில் படாவிட்டால் பத்து மடங்கு.

லாயக்கா என்ற கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்ல? உன்னை நான் வார்டில் பார்த்ததில்லை. கை நடுங்குகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு என்று மட்டும் சொல்கிறேன். நான் பயந்தது, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் சிரிஞ்சுமாக நடக்கிறவர்களைப் பார்த்துத்தான். அடுத்த போஸ்டிங்கில் அதே ஸ்டாஃபிடம் போ. “அக்கா, அன்னைக்கு 50 யூனிட் இழுத்துட்டேன்னு இப்பதான் புரிஞ்சுது. இன்னைக்கு நான் இழுக்கறேன், நீங்க பக்கத்துல நில்லுங்க” என்று கேள். ஒரு வாரம் அவர் நிற்கட்டும். நடுக்கம் அப்போதும் போகவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுது.

அதற்குள் ஒரு வீட்டுப்பாடம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 5 மில்லி வயல் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் 1 மில்லிக்கு 1000 யூனிட், இன்னொன்றில் 1 மில்லிக்கு 5000. ஆர்டர் 2500 யூனிட். இதில் எத்தனை மில்லி, அதில் எத்தனை மில்லி? விடையை நோட்டில் எழுதிவிட்டு, உன் வார்டு ஃப்ரிட்ஜிலும் அலமாரியிலும் இருக்கிற வயல் எது என்று லேபிளைப் படித்துவிட்டு வா.